பகல் வெயிலை இரவுக்கு எடுத்துவைக்கும் சுவர்

‘வெப்பம் பரவும் மூன்று முறைகள் யாவை?’ என்று கேட்டால் எட்டாம் வகுப்பில் கடைசி வரிசை மாணவர்கூடச் சொல்லிவிடுவார்: வெப்பக்கடத்தல், வெப்பச்சலனம், வெப்பக்கதிர்வீச்சு. கரண்டிக் காம்பு சுடுவது, உலைநீர் சுழன்று கொதிப்பது, வெயிலில் நின்றால் தோல் காய்வது என்று எடுத்துக்காட்டுகளும் வரிசையாக வரும். அதே மாணவரிடம், ‘உங்கள் வீட்டு மேற்குச் சுவர், வெயில் போய் நான்கு மணி நேரம் ஆன பிறகும், இரவு பத்து மணிக்கு ஏன் சுடுகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். மூன்றில் எதைச் சொல்வது என்று தயங்குவார். அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று நாம் நடத்துகிறோம். பரவுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதை அநேகமாக நடத்துவதில்லை.

அந்த நேரத்தையே முதலாக வைத்துக் கட்டப்படும் ஒரு சுவர் உலகின் குளிர்ப்பகுதிகளில் இருக்கிறது. மூன்று முறைகளும் அந்த ஒரே சுவரில் நடக்கின்றன. எட்டாம் வகுப்பு முதல் மேல்நிலை வரை வெப்பப் பாடத்துக்கு இதைவிட வசதியான ஓர் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அறிவியல் ஆசிரியர் மட்டுமல்லாமல் கணித ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் இதில் தமக்கான பங்கை எடுத்துக்கொள்ளலாம்.

சுவரின் அமைப்பு

பூமியின் வட அரைக்கோளத்தில், கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் சூரியன் ஆண்டு முழுவதும் நண்பகலில் தெற்குப் பக்கமாகவே நிற்கும். ஆகவே வீட்டின் தெற்குச் சுவரைக் கல், செங்கல், மண், கான்கிரீட் போன்ற கனமான பொருளால் தடிமனாகக் கட்டுகிறார்கள். அதன் வெளிப்பக்கத்துக்குக் கறுப்பு அல்லது அடர்நிற வண்ணம் பூசுகிறார்கள். சில அங்குல இடைவெளி விட்டு முன்னால் கண்ணாடி பொருத்துகிறார்கள். சுவரின் அடியிலும் உச்சியிலும் அறைக்குள் திறக்கும் துளைகள் வைக்கிறார்கள். சூரிய வெப்பச் சேகரிப்பான் என்று தனியாக ஒரு கருவி வாங்கி மாட்ட வேண்டியதில்லை. சுவரே சேகரிப்பான், சுவரே சேமிப்புத் தொட்டி. பம்பு, மோட்டார், மின்சாரம் எதுவும் தேவையில்லை.

இனி வெயில் ஏறுகிறது. சூரிய ஒளி கண்ணாடியைக் கடந்து கறுப்புப் பரப்பில் விழுகிறது. கறுப்பு அதை உட்கவர்கிறது. சூடான சுவர் திரும்ப உமிழும் கதிர் அகச்சிவப்புக் கதிர். அது கண்ணாடியைத் தாண்டி வெளியேற முடியாது. மேல்நிலை இயற்பியல் நடத்துபவர்கள் இந்த இடத்தில் வீன் இடப்பெயர்ச்சி விதியைப் போட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ 5,800 கெல்வினில் இருக்கும் சூரியப் பரப்பின் உச்ச அலைநீளம் 0.5 மைக்ரோமீட்டர். 60 டிகிரி செல்சியஸ், அதாவது 333 கெல்வினில் இருக்கும் சுவரின் உச்ச அலைநீளம் 8.7 மைக்ரோமீட்டர். முதலாவதற்குக் கண்ணாடி திறந்த கதவு, இரண்டாவதற்கு மூடிய கதவு. பசுமை இல்ல விளைவைப் பெரும்பாலும் வளிமண்டலப் படம் வரைந்தே நடத்துகிறோம். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய கண்ணாடியில் தொடங்கினால் அது எளிதாகப் பிடிபடும் என்பது என் அனுபவம்.

இடைவெளியில் இருக்கும் காற்று சூடாகி மேலே எழும்புகிறது. மேல்துளை வழியாக அறைக்குள் போகிறது. அறையின் தரையோரம் இருக்கும் குளிர்ந்த காற்று கீழ்த்துளை வழியாக அந்த இடத்தை நிரப்ப வருகிறது. இது வெப்பச்சலனம், காலை பத்து மணிக்கே அறையைச் சூடாக்கத் தொடங்கிவிடும். மீதி வெப்பம் சுவருக்குள் புகுந்து, துகளிலிருந்து துகளுக்கு மெல்ல நகர்கிறது. இது வெப்பக்கடத்தல். பகல் முழுதும் நகர்ந்து, சூரியன் மறைந்த பிறகு உட்பக்கத்தை அடைந்து, அங்கிருந்து அறைக்குள் கதிர்வீச்சாக வெளிப்படுகிறது. வெளியே பனி உறையும் நேரத்தில் உள்ளே சுவரோரம் படுத்திருப்பவருக்கு இதமாக இருக்கும். நம்மூர் மேற்குச் சுவரோரம் படுத்திருப்பவருக்கு வியர்க்கும். இரண்டும் ஒரே இயற்பியல்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு ‘ட்ரோம்ப் சுவர்’ என்று பெயர். ஆனால் முதலில் காப்புரிமை பெற்றவர் வேறொருவர்: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சேலம் என்னும் ஊரில் வாழ்ந்த எட்வர்ட் மோர்ஸ். ஆண்டு 1881. (நம் சேலம் அன்று, தந்திக் குறியீடு கண்ட சாமுவேல் மோர்ஸும் அன்று. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.) அவர் தொழிலால் விலங்கியல் அறிஞர், சிப்பி நத்தை வகைகளை ஆராய்ந்தவர். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புப் பலகைக்கல்லை வைத்து வீட்டைச் சூடாக்கும் வழியை அவர் எழுதி வைத்தார், அது பரவவில்லை. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழித்து அதைத் திரும்பக் கையில் எடுத்தவர் பிரான்சின் ஃபெலிக்ஸ் ட்ரோம்ப். பைரனீஸ் மலையில் ஒடெய்யோ என்னும் ஊரில், 63 சமதளக் கண்ணாடிகளும் மிகப் பெரிய குழியாடியும் கொண்டு 3,000 டிகிரிக்கு மேல் வெப்பம் தரும் சூரிய உலையை உருவாக்கியவர் இவரே. அதே ஊரில் 1967இல், கட்டடக் கலைஞர் ஜாக் மிஷேலுடன் சேர்ந்து இந்தச் சுவர் கொண்ட வீட்டைக் கட்டினார். சுவரின் தடிமன் 60 செ.மீ.

தடிமன் என்றால் நேரம்

60 செ.மீ. அதிகமா, குறைவா? இதற்கு விடை சொல்லக் கற்றுக்கொண்டால் இந்தப் பாடத்தின் மையத்தைத் தொட்டுவிட்டோம்.

பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பம் ஓர் அலை போலச் சுவருக்குள் நகர்கிறது. கான்கிரீட்டில் அந்த அலையின் உச்சி 1 செ.மீ. கடக்க ஏறத்தாழ 18 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. 20 செ.மீ. சுவரென்றால் 6 மணி நேரம், 30 செ.மீ. என்றால் 9 மணி நேரம், 40 செ.மீ. என்றால் 12 மணி நேரம். ஏழாம் வகுப்பு நேர்விகிதக் கணக்கு இது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பரப்பு பிற்பகல் ஒரு மணி வாக்கில் உச்சச் சூட்டை அடைகிறது என்று வைத்துக்கொண்டால், 30 செ.மீ. சுவரின் உட்பக்கம் இரவு பத்து மணிக்கு அதிகமாகச் சுடும். படுக்கையறைக்குப் பொருத்தம். 60 செ.மீ. சுவரின் உட்பக்கத்துக்கு அந்த உச்சி மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் வந்து சேரும். அதற்குள் அலையும் மிகவும் தணிந்து, ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாத ஒரே சீரான இளஞ்சூடாக ஆகிவிடும். பின்னர் கட்டியவர்கள் பெரும்பாலும் 20 முதல் 40 செ.மீ. வரை வைத்துக்கொண்டதன் காரணம் இதிலிருந்து புரியும்.

ஆகவே சுவரை வடிவமைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எவ்வளவு வெப்பம் வேண்டும்?’ என்பதன்று. ‘எத்தனை மணிக்கு வேண்டும்?’ என்பதே.

ஒரு பள்ளியின் இரு விதச் சுவர்கள்

இந்தக் கேள்விக்கு அழகான விடை நம் நாட்டிலேயே ஒரு பள்ளியில் இருக்கிறது. லடாக்கில் லே நகருக்கு அருகில், ஷே என்னும் ஊரில் உள்ள ட்ரூக் பத்மா கார்போ பள்ளி. ‘ட்ரூக் வெள்ளைத் தாமரைப் பள்ளி’ என்றும் சொல்வார்கள். 2009இல் வந்த ‘3 இடியட்ஸ்’ இந்திப் படத்தின் இறுதிப் பகுதியில் நாயகன் நடத்தும் பள்ளியாக வருவது இதுதான். மாணவர்களிடம் இதைச் சொன்னால் போதும், மீதிப் பாடத்தைக் கேட்க நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் உயரம். மழை மிகக் குறைவு, வானம் பெரும்பாலும் தெளிவு. ஆனால் குளிர்கால இரவில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 20 டிகிரிக்கும் போகும். விறகும் எரிபொருளும் மலை ஏறி வர வேண்டும். அங்கே வெயில்தான் மலிவான எரிபொருள். ஆரப் நிறுவனத்தின் பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் வடிவமைத்த இந்தப் பள்ளி 2001இல் திறக்கப்பட்டது. உள்ளூர்க் கல், மண்கல், மரம் ஆகியவற்றால் கட்டப்பட்டது.

வகுப்பறைகளில் ட்ரோம்ப் சுவர் கிடையாது. அவற்றுக்குப் பெரிய கண்ணாடிச் சாளரங்கள். வெயில் நேராக அறைக்குள் விழும். அவை நேர் தெற்கையும் பார்க்கவில்லை. கிழக்குப் பக்கமாக 30 டிகிரி திரும்பி நிற்கின்றன. காரணம், குழந்தைகள் காலையில் வந்து உட்காரும்போதே அறை சூடாக வேண்டும். மாலையில் அவர்கள் போன பிறகு அறை எப்படி ஆனாலும் கவலையில்லை. மாணவர் விடுதிகளோ நேர் தெற்கைப் பார்க்கின்றன. அவற்றில்தான் ட்ரோம்ப் சுவர்கள். பகலில் அங்கே யாரும் இல்லை, இரவில்தான் ஆட்கள். பகல் வெப்பத்தை உடனே செலவழிக்காமல் எடுத்துவைத்து இரவில் தர வேண்டும். ஒரே வளாகம், ஒரே வெயில், ஒரே குழந்தைகள். அவர்கள் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பார்த்துச் சுவர் மாறுகிறது.

இரண்டு படங்களையும் கரும்பலகையில் வரைந்து, எது வகுப்பறை, எது விடுதி என்று சொல்லாமல், ‘கண்டுபிடியுங்கள், காரணமும் சொல்லுங்கள்’ என்று விட்டுவிடலாம். விடையைவிட அவர்கள் தங்களுக்குள் செய்யும் வாக்குவாதத்தில் பாடம் அதிகம் நடக்கும்.

கோடையில் என்ன ஆகும்?

குளிர்காலத்தில் சூடாக்கும் சுவர் கோடையிலும் சூடாக்குமே என்று ஒரு மாணவர் கட்டாயம் கேட்பார். கேட்காவிட்டால் நாம் கேட்க வேண்டும். இதற்கு விடை பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் இருக்கிறது.

நண்பகலில் சூரியனின் ஏற்றக்கோணத்தைக் காண, 90 டிகிரியிலிருந்து ஊரின் அட்சத்தைக் கழித்து, ஜூன் 21இல் 23.5ஐக் கூட்ட வேண்டும்; டிசம்பர் 22இல் 23.5ஐக் கழிக்க வேண்டும். லேயின் அட்சம் 34 டிகிரி. டிசம்பரில் 32.5 டிகிரி, ஜூனில் 79.5 டிகிரி. சூரியனுக்கு நேராகப் பிடித்த ஒரு சதுர மீட்டர் பலகையில் 100 பங்கு வெயில் விழுகிறது என்று கொண்டால், செங்குத்தான தெற்குச் சுவரில் விழுவது அந்தக் கோணத்தின் கொசைன் மடங்கு. டிசம்பரில் 84 பங்கு. ஜூனில் 18 பங்கு. வெயில் வேண்டிய காலத்தில் சுவர் அள்ளிக்கொள்கிறது, வேண்டாத காலத்தில் வழுக்கிவிடுகிறது. செங்குத்தாக நிற்பது என்ற ஒன்றே இதைச் செய்கிறது.

அந்த 18 பங்கையும் தடுக்கக் கூரையை அரை மீட்டர் வெளியே நீட்டினால் போதும். நிழலின் உயரம், நீட்டலை ஏற்றக்கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்க வருவது. ஜூனில் 0.5 × 5.4 = 2.7 மீட்டர், இரண்டரை மீட்டர் உயரச் சுவர் முழுவதும் நிழலில். டிசம்பரில் 0.5 × 0.64 = 0.32 மீட்டர், மேலே ஒரு முழம்கூட மறையாது, மற்றதெல்லாம் வெயிலில். கோபுரத்தின் உயரமும் கப்பலின் தொலைவும் காணும் கணக்குகளோடு இதையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுங்கள். விடை கண்டுபிடித்த பிறகு, ‘இந்த விடை யாருக்குப் பயன்படும்?’ என்று மாணவர் கேட்காத கணக்கு இது.

இன்னொரு வழியும் உண்டு. கோடையில் அறைக்குள் திறக்கும் மேல்துளையை மூடிவிட்டுக் கண்ணாடியின் உச்சியில் வெளிப்பக்கம் ஒரு திறப்பைத் திறந்தால், சூடான காற்று வெளியே போகும். அது அறைக் காற்றை இழுக்க, வடக்குச் சாளரம் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். இதே இழுவிசையைத்தான் ட்ரூக் பள்ளியின் கழிப்பறைகளிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வெயிலில் சூடாகும் குழல் காற்றை மேலே இழுப்பதால் வாடை அறைக்குள் தங்குவதில்லை, தண்ணீரும் தேவையில்லை. பள்ளிக் கழிப்பறையைப் பற்றிக் கவலைப்படாத தலைமையாசிரியர் யார் இருக்கிறார்? அதனால் இதைக் குறிப்பிடத் தோன்றியது.

எவ்வளவு சேரும், எவ்வளவு ஒழுகும்?

ஒரு சதுர மீட்டர் பரப்பும் 30 செ.மீ. தடிமனும் உள்ள கான்கிரீட் சுவரின் நிறை ஏறத்தாழ 690 கிலோ. கான்கிரீட்டின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு ஏறத்தாழ 900 ஜூல். சுவர் 10 டிகிரி சூடேறினால் சேரும் வெப்பம் 62 லட்சம் ஜூல். மின்சார அட்டையின் கணக்கில் சொன்னால் 1.7 யூனிட்.

இதே வெப்பத்தை நீரில் சேமிக்க 148 லிட்டர் போதும். அதாவது ஏறத்தாழ பாதித் தடிமன். நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் அதிகம் என்று மனப்பாடமாகச் சொல்லும் வரிக்குப் பொருள் இதுதான். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஸ்டீவ் பேர் என்பவர் 1970களின் தொடக்கத்தில், கறுப்பு வண்ணம் பூசிய இரும்புப் பீப்பாய்களில் நீர் நிரப்பிக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி, அதையே வீட்டுச் சுவராக்கினார். ஆனால் நீருக்கு ஒரு குணம் உண்டு: உள்ளே அது சுழலும். ஒரு பக்கம் வாங்கிய வெப்பத்தைச் சீக்கிரமே மறுபக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். செ.மீ.க்கு 18 நிமிடம் என்ற தாமதம் நீர்ச்சுவரில் கிடைக்காது. கொள்ளளவு அதிகம், தாமதம் குறைவு.

இழப்பையும் கணக்கிட வேண்டும். இரவில் சுவர் 25 டிகிரி, வெளியே சுழியத்துக்குக் கீழ் 15 டிகிரி. வேறுபாடு 40 டிகிரி. ஒற்றைக் கண்ணாடி வழியே ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 5 வாட் போகிறது என்று வைத்தால், 200 வாட். பன்னிரண்டு மணி நேரத்தில் 2.4 யூனிட். சேர்த்துவைத்தது 1.7 யூனிட்தானே! சுவர் விடியும் வரை 25 டிகிரியிலேயே நிற்காது என்பதால் உண்மை இழப்பு இதைவிடக் குறையும். ஆனாலும் கணக்கு என்ன சொல்கிறது என்பது தெளிவு. இரட்டைக் கண்ணாடியில் டிகிரிக்கு 3 வாட் என்றால் 1.4 யூனிட். இதனால்தான் குளிர்ப்பகுதிகளில் இரட்டைக் கண்ணாடி போடுகிறார்கள், மாலையானதும் கண்ணாடிக்குப் பின்னால் தடித்த திரையையும் இறக்குகிறார்கள்.

துளைகளும் ஒழுகும். இரவில் கண்ணாடியோரக் காற்று குளிர்ந்து கீழே இறங்கி, கீழ்த்துளை வழியாக அறைக்குள் வரும். அறையின் சூடான காற்று மேல்துளை வழியாக வெளியேறிக் குளிரும். பகலில் நடந்த சுழற்சி அப்படியே தலைகீழாகும். இதைத் தடுக்க மேல்துளையில் மெல்லிய பாலித்தீன் தாள் ஒன்றை அறைப்பக்கமாக மட்டும் திறக்கும்படி தொங்கவிட்டால் போதும். நம் இதயத்தின் வால்வும் சைக்கிள் டியூபின் வால்வும் செய்கிற வேலைதான்.

இங்கே கட்டலாமா?

நம் சமவெளியில் வேண்டாம். ஆர்வத்தில் யாராவது பள்ளிக் கண்காட்சிக்குப் பிறகு உண்மையாகவே கட்டிவிடப் போகிறார்கள் என்பதால் அழுத்தமாகவே சொல்கிறேன். சென்னையின் அட்சம் 13 டிகிரி. மார்ச் 21 நண்பகலில் சூரியன் 77 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்குச் சுவரில் விழுவது 22 பங்கு. தட்டையான மாடியில் விழுவது 97 பங்கு. ஜூனில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும்; தெற்குச் சுவரில் அப்போது நேர்வெயிலே படாது. நம் ஊரில் வெந்நீர்க் கருவிகளைச் சுவரில் பதிக்காமல் மாடியில் சாய்வாக வைப்பது ஏன் என்பதற்கும் இதே விடைதான்.

ஆனால் சுவர் சொல்லித்தந்த கேள்வி நமக்கும் வேண்டும்: வெப்பம் எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது? 9 அங்குலச் செங்கல் சுவர் ஏறத்தாழ 7 மணி நேரம் தாமதிக்கும். மேற்குச் சுவர் மாலை நான்கு மணிக்கு உச்சச் சூட்டை அடைந்தால், அது உள்ளே தெரிவது இரவு பதினொரு மணிக்கு. வீட்டில் தூக்கம் கெடுகிறது. பள்ளியில் அந்நேரம் யாரும் இல்லை. பள்ளியில் குழந்தைகளை வதைப்பது கான்கிரீட் கூரை. 10 செ.மீ. தளம் என்றால் தாமதம் 3 மணி நேரம். மாடியின் மேற்பரப்பு பகல் ஒரு மணிக்கு உச்சத்தைத் தொட்டால், தளத்தின் அடிப்பக்கம் நான்கு மணியை ஒட்டி உச்சத்தைத் தொடும். கடைசி இரண்டு பாடவேளைகளில் மேல்தளத்து வகுப்பில் குழந்தைகள் சோர்ந்து சாய்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாதிக் காரணம் மதிய உணவு என்று சொல்வோம். மீதிக் காரணம் அவர்கள் தலைக்கு மேலே இருக்கிறது. காற்றாடி அந்தச் சூடான காற்றைத்தான் கீழே தள்ளுகிறது.

தளத்தைத் தடிமனாக்க நம்மால் முடியாது. ஆனால் ட்ரோம்ப் சுவரில் செய்வதையெல்லாம் தலைகீழாகச் செய்யலாம். அங்கே கறுப்பு பூசுகிறார்கள். இங்கே மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். அங்கே வெயிலை உள்ளே விடுகிறார்கள். இங்கே மாடியில் நிழல் விழச் செய்யலாம். முன்பு மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போட்டு, மேலே தட்டோடு பதித்தார்கள். மழைநீர் இறங்காமல் காக்க என்று மட்டும் நினைக்கிறோம்; வெப்ப அலையைத் தாமதப்படுத்தும் வேலையையும் அது செய்தது. கால அட்டவணையும் நம் கையில் இருக்கிறது. மேல்தளத்து வகுப்புக்கு விளையாட்டு, நூலகம், ஆய்வகப் பாடவேளைகளைப் பிற்பகலில் வைத்தால், சூடு உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அறை காலியாக இருக்கும். ட்ரூக் பள்ளியில் ஆட்கள் இருக்கும் நேரம் பார்த்துச் சுவரை அமைத்தார்கள். நாம் சூடு வரும் நேரம் பார்த்து ஆட்களை மாற்றலாம்.

வகுப்பறையில் செய்து பார்க்க

கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டி வெப்பநிலை பார்த்த துப்பாக்கி வடிவக் கருவி பல பள்ளிகளில் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. பலவற்றில் உடல் வெப்பநிலை, பரப்பு வெப்பநிலை என்று இரு நிலைகள் உண்டு. பரப்பு நிலைக்கு மாற்றி, பேட்டரி போட்டு, ஒவ்வொரு பாடவேளை மணியடிக்கும்போதும் மேற்கூரையின் அடிப்பக்கத்தை நோக்கி அளந்து, வரைபடத்தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தை, ஒரே தூரத்திலிருந்து அளக்க வேண்டும். உச்சி எந்தப் பாடவேளையில் வருகிறது என்று முன்கூட்டியே ஊகித்து எழுதி, மடித்து வைத்துவிட்டு அளக்கட்டும். சுண்ணாம்பு அடித்த மாடியும் அடிக்காத மாடியும் ஒரே வளாகத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

ட்ரோம்ப் சுவரின் மாதிரிக்கு ஒரே அளவில் மூன்று அட்டைப் பெட்டிகள் வேண்டும். ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தையும் வெட்டி எடுத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை ஒட்ட வேண்டும். தாளுக்குப் பின்னால் இரண்டு விரல்கடை விட்டு, முதல் பெட்டியில் கறுப்புச் சார்ட் தாளை மட்டும் நிறுத்த வேண்டும். இரண்டாவதில் கரும்பலகை வண்ணம் பூசிய செங்கற்கள். மூன்றாவதில் கறுப்பு பூசி நீர் நிரப்பிய பாட்டில்கள். செங்கல்லை 7 செ.மீ. பக்கம் ஆழமாக அமையும்படி நிறுத்துங்கள். 7 செ.மீ.க்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான தாமதம் கிடைக்கும், பள்ளி நேரத்துக்குள் முடிந்துவிடும். 22 செ.மீ. பக்கத்தை ஆழமாக வைத்தால் முடிவைப் பார்க்க இரவுக் காவலர்தான் இருப்பார்.

வெப்பமானியைப் பின்னறைக்குள் மேலிருந்து செருகுங்கள். ஆய்வக வெப்பமானி அல்லது அறை வெப்பமானியாக இருக்கட்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 டிகிரியோடு நின்றுவிடும், அதற்கு மேல் சூடேறினால் உடையவும் கூடும். நம் ஊர்ச் சூரியன் உயரத்தில் இருப்பதால் பெட்டியைப் பின்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். தாளின் மேல் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் நிழல் மறையும் சாய்வே சரியான சாய்வு. பத்தரை மணியிலிருந்து ஒரு மணி வரை வெயிலில் வைத்து, பிறகு நிழலுக்கு மாற்றி, முன்தாளைத் துணியால் மூடி, நான்கு மணி வரை அரை மணிக்கு ஒருமுறை குறிக்கலாம். சார்ட் தாள் பெட்டி முதலில் சூடேறி முதலில் ஆறும். மற்ற இரண்டின் வரைகோடுகளையும் மாணவர்களே படிக்கட்டும்.

நடுச்சுவரின் மேலும் கீழும் துளையிட்டு, கீழ்த்துளை அருகே ஊதுவத்தியைக் காட்டினால் புகை உள்ளே இழுக்கப்படுவது தெரியும். நிழலில் வைத்து முன்தாளின் மேல் பனிக்கட்டி நீரில் நனைத்த துணியைப் போர்த்தினால் புகை திசை மாறுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு பாலித்தீன் வால்வை ஒட்டச் சொன்னால், எந்தத் துளையில், எந்தப் பக்கம் என்று அவர்களே சண்டையிட்டு முடிவு செய்வார்கள்.

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு இவ்வளவு வேண்டாம். காலை, மதியம், பள்ளி விடும் நேரம் என மூன்று முறை, பள்ளியின் நான்கு வெளிச்சுவர்களிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, ‘சூடு, இளஞ்சூடு, குளிர்ச்சி’ என்று படத்தில் வண்ணம் தீட்டினால் போதும். வண்ணங்கள் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நகர்வதை அவர்களே சொல்வார்கள்.

நீலகிரி ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு தனிக்கணக்கு. உதகையின் அட்சம் 11.4 டிகிரி. டிசம்பர் நண்பகலில் அங்கே தெற்குச் சுவரில் 57 பங்கு வெயில் விழுகிறது. ஜூன் நண்பகலில் நேர்வெயில் ஒன்றும் இல்லை. சனவரி இரவுகளில் புல்லில் உறைபனி படிகிறது, பகல் வானமோ பெரும்பாலும் தெளிவு. அங்குள்ள ஒரு மாணவர் விடுதிக்கு, இரவு எட்டு மணிக்குச் சூடு வந்து சேர வேண்டுமானால், கான்கிரீட் சுவர் எத்தனை செ.மீ. தடிமன் இருக்க வேண்டும்? கூரை எவ்வளவு நீள வேண்டும், அல்லது நீளவே வேண்டாமா? உங்கள் மாணவர்கள் வரைந்த படத்தையும் கணக்கையும் இதழுக்கு அனுப்புங்கள்.